பூசினாற்போல

ஆகஸ்ட் 3, வியாழன்

பன்னிரண்டு ரெஜிஸ்டர், போதாததற்கு போனில் ஒரு ஆப். இவ்வளவையும் எழுதித் தள்ளிவிட்டு வீட்டில் வந்து இன்னொரு நோட்டிலும் எழுதுகிறாயா, கிறுக்கு பிடித்திருக்கிறதா என்று சீனியம்மா கேட்கிறாள். எங்கள் அங்கன்வாடியில் சமைப்பது அவள், எழுதுவது நான். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது கூட, அதனால் எது வேண்டுமானாலும் கேட்பாள். ரெஜிஸ்டரில் அவர்கள் கேட்பதை எழுதுகிறேன், இதில் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன் என்றேன். விளங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பருப்பு கழுவப் போய்விட்டாள்.

இன்று எடை பார்க்கும் நாள். கர்ப்பிணிகள் ஐந்து பேர். ஐந்து பேருமே தேறவில்லை. முனீஸ்வரிதான் ரொம்ப மோசம். இருபத்து மூன்று வயது, இரண்டாவது பிள்ளை, ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது, எடை நாற்பது கிலோ இருநூறு. போன மாதத்துக்கு முந்நூறு கிராம்தான் கூடியிருக்கிறாள். காற்றடித்தால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்போல. புருஷன் காளிராஜ் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வண்டியில் வேலைக்கு வடக்கே போயிருக்கிறான். இவள் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறாள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் மேடம் போன் செய்தார். "ராஜகனி, வட்டாரத்துலயே உங்க சென்டர் மட்டுந்தான் செவப்பா தெரியுது" என்றார். ஆப்பில் எடை கூடாதவர்கள் பெயர் சிவப்பாகத் தெரியும். பதினெட்டு வருஷ வேலையில் இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை. இரவுச் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

சத்துமாவு பாக்கெட் கொடுத்த நாள். ஐந்து பேரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். இது உனக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் மட்டும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் இல்லை, மீன் பிடிக்கத் தூண்டிலில் வைக்கவும் இல்லை என்றேன். போன வருஷம் கண்மாயில் ஒருவன் எங்கள் மாவை உருட்டி கெண்டை பிடித்ததை நான் மறக்கவில்லை. உருண்டை, புட்டு, அடை, கஞ்சி என்று நாலு பக்குவமும் செய்து காட்டினோம். முனீஸ்வரியின் மாமியார் அழகுத்தாய் உருண்டையை வாயில் போட்டு, பல் இல்லாதவளுக்கும் கரைகிறதே என்று மெச்சினாள். சீனியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

சமுதாய வளைகாப்புக்கு வளையல் அளவு கேட்டு எழுதிக்கொண்டேன். முனீஸ்வரிக்கு ரெண்டே நாலு. சின்னப்பிள்ளை கை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நெட் இல்லை. சிக்னல் தேடி மாடிக்கும் தெருவுக்கும் நடந்து கால் வலி.

ஆகஸ்ட் 24, வியாழன்

வீடு பார்க்கப் போனேன். முனீஸ்வரி வீட்டில் சத்துமாவு உருண்டை பிடித்துத் தட்டில் வைத்திருந்தார்கள். ஒன்பது உருண்டை. நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாளே என்று மனசு குளிர்ந்துவிட்டது. மூத்தது தர்ஷிகா, எங்கள் சென்டருக்கு வருகிற மூன்று வயதுக்காரி, இரண்டு கையிலும் உருண்டை வைத்துக்கொண்டு நடந்தாள். அழகுத்தாய் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி மூன்றைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் வேலைக்குக் கிளம்புகிறவன் போகிற போக்கில் இரண்டை எடுத்துக்கொண்டான்.

முனீஸ்வரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரேஷன் அரிசிச் சோறு, ரசம், ஓரத்தில் ஒரு துண்டு கருவாடு. பருப்பு வைக்கவில்லையா என்று கேட்டேன். ரேஷன் பருப்பு பத்து நாள்தான் வரும், அது பிள்ளைக்கும் வேலைக்குப் போகிற தம்பிக்கும் என்றாள். நீ மாவு தின்கிறாயா என்று கேட்டேன். தின்கிறேன் டீச்சர் என்றாள்.

வீட்டுப் பார்வைப் பதிவேட்டில் 'சத்துமாவு முறையாகப் பயன்படுத்தப்படுகிறது' என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 30, புதன்

தர்ஷிகா முட்டையில் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். எதற்கடி என்றால் அம்மாவுக்கு என்கிறாள். இங்கேயேதான் தின்ன வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைத்தேன். அழுதுகொண்டே தின்றது.

செப்டம்பர் 7, வியாழன்

நாற்பத்து மூன்று கிலோ தொள்ளாயிரம்.

முனீஸ்வரியை இரண்டு தடவை ஏற்றி இறக்கினேன். மெஷினில் கல் கில் கிடக்கிறதா பார் என்று சீனியம்மா குனிந்து வேறு பார்த்தாள். இல்லை. ஐந்து வாரத்தில் மூன்று கிலோ எழுநூறு. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கன்னம் உப்பி, கழுத்தெலும்பு மறைந்து, பூசினாற்போல ஆகிவிட்டாள். "இப்பத்தான்டி பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்க" என்றாள் சீனியம்மா. முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காளிராஜின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தன் செருப்பு பத்தவில்லையாம். பிள்ளைத்தாச்சிக்குப் பாதமும் சேர்ந்தா வளர்கிறது என்று கேலி செய்தேன்.

எடையை ஆப்பில் ஏற்றியதும் அவள் பெயர் பச்சையாக மாறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. இந்த மாவு மாவு என்று தொண்டை கிழியக் கத்தியதற்கு இன்றுதான் பலன்.

செப்டம்பர் 8, வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். இது ஊட்டச்சத்து மாதம், நமக்கு இப்படி ஒரு ஆள்தான் வேண்டும் என்றார். 19ஆம் தேதி வட்டார வளைகாப்பு விழாவில் முனீஸ்வரியை மேடையில் ஏற்றி இரண்டு வார்த்தை பேச வைக்க வேண்டுமாம். என் பெயரையும் வாசிப்பார்களாம். முனீஸ்வரியிடம் போய்ச் சொல்லும்போதே அவளுக்கு வியர்த்துவிட்டது. 'நான் சத்துமாவு சாப்பிட்டேன், எடை கூடினேன்' என்ற இரண்டு வரிதான், நான் சொல்லித் தருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 14, வியாழன்

பிள்ளையை விட வந்த முனீஸ்வரி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பொழுதுக்கும் குனிந்து பெட்டி ஒட்டினால் பறக்காமல் என்ன செய்யும். வெயில் வேறு. இரண்டு நாள் ஒட்டாதே, மாவை ஒரு வேளை கூட்டிச் சாப்பிடு என்றேன்.

செவ்வாய்க்கிழமை 19ஆம் தேதி அவளுக்குச் செக்கப் நாள். அட்டையில் நர்ஸம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குத்தானே விழாவும், எதற்குப் போக என்று கேட்டாள். விழாவிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்து ஆட்கள் மேசை போட்டுப் பிரஷர் பார்ப்பார்கள், அதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம், மற்றதை அடுத்த செவ்வாய் பார்ப்போம் என்றேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

விழா நல்லபடியாக முடிந்தது.

முப்பது பேருக்கு வளைகாப்பு. ஐந்து வகைச் சாதம். முனீஸ்வரிக்கு நான் எழுதிக் கொடுத்த ரெண்டே நாலு வளையல் கையில் ஏறவே இல்லை. ரெண்டே ஆறு எடுத்தோம். அதுவும் முட்டியில் நின்றுவிட்டது. கடைசியில் ரெண்டே எட்டை எண்ணெய் தடவி ஏற்றினோம். பந்தலே சிரித்தது. கையெல்லாம் எப்படிப் பூசினாற்போல இருக்கிறது பாருங்கள், இதுதான் சத்துமாவின் மகிமை என்று மேடம் மைக்கிலேயே சொன்னார். இரண்டு வரியையும் திக்காமல் சொன்னாள். கைதட்டல். என் பெயரை வாசித்தார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

பெயர் கூப்பிடுகிற நேரத்தில் ஆளைக் காணோம் என்று தேடினால், பிரஷர் பார்க்கிற வரிசையில் போய் நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்கு முன்னால் நாலு பேர். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். விழா முடிந்து திரும்பினபோது மேசையைக் கட்டிவிட்டிருந்தார்கள்.

வேனில் வரும்போது தூங்கிவிட்டாள். அசதி.

செப்டம்பர் 20, புதன்

என் பெயரும் படமும் வட்டார வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எழுபத்தொரு பேர் கைதட்டும் படம் போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 22, வெள்ளி

பத்தரை மணிக்கு அழகுத்தாய் ஓடி வந்தாள். பேச்சு வரவில்லை. கையை மட்டும் இழுத்து இழுத்துக் காட்டினாள். நான் ஓடினேன். முனீஸ்வரி ஒட்டிய பெட்டிகளுக்கு நடுவில் கிடந்தாள். கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

108 வர இருபது நிமிஷம். வண்டியில் நானும் ஏறினேன். வழியில் இன்னொரு தடவை இழுத்தது. அதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

செப்டம்பர் 23, சனி

பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். ஆண் பிள்ளை. ஒன்றே முக்கால் கிலோ. அழவே இல்லை.

முனீஸ்வரி இன்னும் கண் திறக்கவில்லை. ஊசி ஏற்ற இடமில்லாமல் வளையல்களை நர்ஸ் கத்தரியால் தட்டி உடைத்தார். ஒவ்வொன்றும் உடையும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என் மகளாக இருக்கலாம். முனீஸ்வரியின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பள்ளம் பள்ளமாகவே நின்றது. சிறுநீரில் புரதம் நாலு பிளஸ், பிரஷர் எக்கச்சக்கம் என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "ஒடம்பு பூரா இவ்வளவு நீர் கோத்திருக்கே, இத்தன நாளா யாருமே பாக்கலையா?" என்று கேட்டார்.

அழகுத்தாய்தான் சொன்னாள். "பூசினாப்ல இருக்கான்னுதாம்மா நாங்க நெனச்சோம்."

செப்டம்பர் 25, திங்கள்

கண் திறந்துவிட்டாள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஊரில் காளியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், அதை நிறைவேற்ற வேண்டும்.

காளிராஜ் வந்துவிட்டான். மூன்று ரயில் மாறி வந்தானாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வண்டியில் கூட வந்ததால்தான் இவளாவது மிஞ்சினாள் டீச்சர் என்று அழுதான். அந்தக் கையை உருவிக்கொள்ளவும் தெரியவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

செப்டம்பர் 27, புதன்

மேடம் போன் செய்தார். மேலிடத்திலிருந்து கேட்பார்கள், ரெஜிஸ்டரை ஒரு தடவை சரிபார்த்து வை என்றார். சரிபார் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 14 பக்கத்தில் இரண்டு வரி இடம் இருந்தது. 'கால் வீக்கம், தலைவலி. ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல அறிவுறுத்தப்பட்டது.'

அக்டோபர் 3, செவ்வாய்

விசாரணைக்கு வந்தார்கள். ரெஜிஸ்டரைப் படம் எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் பேரில் தவறில்லை, சொன்னபடி போகாதது அந்தப் பெண்ணின் அறியாமை என்று என் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 5, வியாழன்

எடை பார்க்கும் நாள். நாலு பேர்தான். முனீஸ்வரியின் பிரசவ விவரத்தை ஏற்றச் சொல்லி ஆப் கேட்டது. ஏற்றியதும் பட்டியலிலிருந்து அவள் பெயர் போய்விட்டது. கைக்குழந்தை இருந்தால்தான் பாலூட்டும் தாய், அப்போதுதான் மாவு.

அக்டோபர் 12, வியாழன்

பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது அழகுத்தாய் மஞ்சப்பையோடு வந்து நின்றாள். முனீஸ்வரி பெயரில் இனிமேல் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவள் எப்படி இருக்கிறாள், சாப்பிடுகிறாளா என்று பேச்சை மாற்றினேன். வயிறு சுருங்கிவிட்டது, கஞ்சிதான் குடிக்கிறாள் என்றாள். முன்னால் மாவு நன்றாகச் சாப்பிட்டாளே என்றேன்.

அழகுத்தாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அவ எங்க தாயி தின்னா? மாவு பிடிச்சா பிள்ளைக்கு, எனக்கு, வேலைக்குப் போறவனுக்கு. காலையில அது ஒரு வேளச் சோத்தத் தாங்கிருதுல்ல. அவளுக்கு நாக்குல தங்குறது ரெண்டு வாய்தான்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. எந்த வீட்டிலும் நடப்பதைச் சொல்கிற குரல்.

எனக்குத் தெரியாதா? ஒன்பது உருண்டையில் ஏழு எந்தெந்தக் கைக்குப் போயின என்று என் கண்ணாலேயே பார்த்தேனே. மூன்று வயதுப் பிள்ளை அம்மாவுக்கென்று முட்டையை ஒளிக்கிறது என்றால் அந்த அம்மா என்ன தின்கிறாள் என்று யோசிக்க ஒரு டீச்சர் வேண்டுமா? ரசமும் கருவாடும் தின்றவளுக்கு ஐந்து வாரத்தில் மூன்றே முக்கால் கிலோ எங்கிருந்து வரும் என்று கேட்டுக்கொள்ளாமல், ஆப்பில் பச்சை பார்த்து அழுதவள் நான். அந்தக் கட்டைவிரல் சோதனை எனக்கும் சொல்லிக் கொடுத்ததுதான். ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பதினெட்டு வருஷமாகத் தெரியும். அன்று அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை என்று எழுதலாம். உண்மை அது இல்லை. செருப்பு பத்தவில்லை என்று அவள் சொன்னபோது ஒரு நொடி தோன்றியது. அழுத்தினால் அந்த எடை என்னிடமிருந்து போய்விடும் என்று பயந்தேன்.

என் பங்கிலிருந்து இரண்டு பாக்கெட் எடுத்துக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். என் பங்கு என்று ஒன்று கிடையாது. அழகுத்தாய் வெறும் பையோடு போனாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. புதிதாக மூன்று பிள்ளைகள் சேர்ந்தன. நெல்லில் 'அ' எழுதினோம். தர்ஷிகா இப்போதெல்லாம் முட்டையை முழுசாகத் தின்றுவிடுகிறது.

நவம்பர் 2, வியாழன்

எழுதாமல் தூங்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

மத்தியானம் முனீஸ்வரி வீட்டுக்குப் போனேன். ஆறு வாரமாக அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அவள் தனியாக உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். நீரெல்லாம் வடிந்து பழைய முகம் வந்துவிட்டது. கழுத்தெலும்பு இரண்டும் வெளியே தெரிந்தன. எழுந்து பாய் எடுத்துப் போட்டாள். அதன் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வீக்கம் என்று ஒரு நொடி சந்தேகப்பட்டதை, செக்கப்பை நானே தள்ளிப்போட்டதை, பிரஷர் வரிசையிலிருந்து கையைப் பிடித்து இழுத்ததை, பிறகு ரெஜிஸ்டரில் பொய் எழுதியதை. நீ பூசினாற்போல ஆகவில்லை முனீஸ்வரி, அது சதையே இல்லை, நீர், நோய், பார்த்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்றேன். சொல்லும்போது எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவள் என்னை ஏசுவாள், ஏசினால் இறங்கிவிடும் என்று நினைத்துத்தான் போனேன்.

அவள் ஏசவில்லை. கையிலிருந்த பெட்டியை ஒட்டி முடித்து வைத்தாள். பசையைத் துணியில் துடைத்தாள்.

"நீங்க இழுக்கலன்னாலும் நான் ஓடித்தான் வந்திருப்பேன் டீச்சர். மைக்குல என் பேரக் கூப்புட்டாங்கள்ல" என்றாள்.

அடுத்த அட்டையை எடுத்து மடித்தாள்.

"சின்னதுலருந்து என்னய எல்லாரும் குச்சி, குச்சின்னுதான் கூப்பிடுவாக. இவுக வீட்டுலயும் அதான். அந்த மாசம் போறவ வாரவ எல்லாம் நின்னு பாத்து, நல்லாருக்கியேடின்னு சொன்னாக. நானும் தின்னது ஒட்டுதுன்னுதான் நெனச்சேன். விடிஞ்சதும் கண்ணாடியப் பாத்துக்கிடுவேன். ஆஸ்பத்திரில படுத்துக் கெடக்கும்போதுகூட, பிள்ள போனாலும் நாம ஒரு மாசம் நல்லா இருந்தோம்னு நெனச்சுக்கிட்டேன்."

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தக் கண்ணில்.

"அதுவும் இல்லன்னு சொல்லத்தான் வந்தீகளா, டீச்சர்?"